தொலைந்ததாகச் சொன்ன பாதி

நேற்று உன் தங்கை வந்து ஒரு ஜெராக்ஸ் கட்டைக் கொடுத்துவிட்டுப் போனாள். உன் பெட்டியைக் காலி செய்தபோது அடியில் கிடந்ததாம். "உங்க பேரு எழுதிக்கீது அண்ணா, அதான் எடுத்தாந்தேன்" என்றாள்.

அந்த வருடம் சிங்கப்பூர் பயிற்சிக்கு, கம்பெனியில் நம் மெஷின் ஷாப்பிலிருந்து ஒரே ஆள். ஆங்கில கிராமர் தேர்வில் யாருக்கு மார்க் அதிகமோ அவன். நாம் இரண்டு பேருமே டிப்ளமோ, இரண்டு பேருக்குமே இங்கிலீஷ் தகராறு. இரவல் கைடை நான் ஒரு பிரதி எடுத்து, நடுவில் கிழித்து, இரண்டிலும் என் பெயரை எழுதினேன். எழுவாயும் வினையும் பொருந்துவது என்னிடம். ஒரு சொல்லை விவரிக்க வரும் மாடிஃபையர் உன்னிடம். சனிக்கிழமை மாற்றிக்கொள்வதாகப் பேச்சு.

சனிக்கிழமை பொன்னேரி பிளாட்பாரத்தில் வெறுங்கையோடு நின்றாய். "வண்டிலயே உட்டுட்டேன்டா. ஒரே பேஜாரு."

எனக்குப் பாவமாகப் போய்விட்டது. கும்மிடிப்பூண்டி வரும்வரை என் பாதியை உனக்கு விளக்கினேன். 'பாக்ஸ் ஆஃப் போல்ட்ஸ்', போல்ட்டுகள் நிறைந்த பெட்டி, என்றால் வினை பெட்டியோடுதான் சேரும், போல்ட்டுகளோடு அல்ல. நடுவில் இருப்பதை அடித்துவிட்டுப் படி என்றேன். "நீ வாத்தியாரா பூட்டிருக்கலாம்டா" என்று சிரித்தாய்.

தேர்வில் பாதிக் கேள்வி மாடிஃபையர். கேட்டை நோக்கி நடக்கையில் சைரன் ஊதியது என்று ஒரு வாக்கியம். இங்கிலீஷில் அப்படி எழுதினால் நடந்தது சைரன் என்று ஆகிவிடுகிறது, அதுதான் பிழை. அன்று எனக்கு அது தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு குறித்தேன். நீ சிங்கப்பூர் போனாய்.

உன் தங்கை கொடுத்த கட்டு அந்த மாடிஃபையர் பாதிதான். பக்கத்துக்குப் பக்கம் நீல மையில் உன் விடைகள், தேதி போட்டு. கடைசித் தேதி, தேர்வுக்கு முந்தின நாள்.

திரும்பி வந்து இரண்டு வருடம் அதே ரயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாய். இதைப் பற்றி ஒரு நாளும் வாயைத் திறக்கவில்லை. நெடுஞ்சாலையில் லாரி உன்னை அடித்த அன்று ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் நான். பாடைக்கு முதலில் தோள் கொடுத்தவன் நான். இப்போது யாரைப் பிடித்துக் கேட்பது?

அந்த வாய்ப்பை நீ கேட்டிருந்தால் விட்டுக்கொடுத்திருப்பேன் என்று எழுதலாம். பொய். கொடுத்திருக்க மாட்டேன், அது உனக்கும் தெரியும். ஜெயித்த பிறகாவது சொல்லியிருக்கலாம். நான் மண்டு, எனக்கு இங்கிலீஷ் வராது என்று இத்தனை வருடம் நம்பிவிட்டேன்டா. மேனேஜர் இங்கிலீஷில் கேட்டால் தெரிந்த பதிலும் தொண்டையிலேயே நின்றுவிடும். அன்று தோற்றதற்குக் காரணம் நேற்றே தெரிந்துவிட்டது. இன்று காலை மேனேஜர் கேட்டபோதும் பதில் அங்கேயே நின்றது.