பக்கவாசலுக்கு எதிர் மடம்

2007 மார்ச் 14, புதன்
எங்கள் மூன்றாவது விடுதி திறந்து நாற்பது நாள். முப்பத்தெட்டு மாடி. சூதாட்ட மேசைகளில் பாதி காலி. வீட்டுக்காரர் மீன் கஞ்சியைத் தொடவில்லை.

காரணம் தெரிந்துவிட்டதாம். ஆட வருகிறவன் எவனும் பெரிய வாசலில் நுழைய மாட்டான். அது காசை விழுங்குகிற வாயாம். எல்லாருக்கும் பக்கவாசல்தான். அதற்கு நேர் எதிரே பிக்குணி மடம். மொட்டைத் தலையைப் பார்த்துவிட்டுச் சீட்டைத் தொட்டால் தோல்வி நிச்சயம் என்று வந்த காரிலேயே திரும்பிவிடுகிறார்கள். இவர் மக்காவ் நகரிலேயே பிறந்தவர், சூதாட்ட விடுதி வாசலில் கார் நிறுத்திப் பிழைத்தவர் — இது எப்படி மறந்தது? வெளிநாட்டான் வரைந்த கட்டடப் படத்துக்குத் தலையாட்டியிருக்கிறார்.

மடத்தின் தலைவி என் அக்கா.

மார்ச் 16
"வெளிய வரும்போது தொப்பியாவது போட்டுக்கச் சொல்றார்" என்றேன். அக்கா கீரை ஆய்ந்துகொண்டே சிரித்தாள்.

"முப்பத்தெட்டு மாடி கட்டினவன், முடியில்லாத அஞ்சு தலைக்கு நடுங்குறானே!"

நானும் சிரித்தேன். வீடு வரும்வரைகூட நிலைக்கவில்லை அந்தச் சிரிப்பு.

ஏப்ரல் 2
பத்திரம் கொண்டுவந்தார். மடத்து இடத்தை விட்டுக்கொடுத்தால் கொலோவான் மலையில் புது மடம் கட்டித் தருவாராம். அதுவரை அங்கேயே ஒரு பழைய வீடு.

"நீ சொன்னா அக்கா கேப்பாங்க. நான் சொன்னா வியாபாரம்னு ஆயிரும்."

"இது வியாபாரம் இல்லையா?"

"சுக்-யீ, மே மாசத்துக்குள்ள கூட்டம் வரலன்னா பங்குதாரருங்க என்னை வெளிய தள்ளிருவாங்க. மறுபடி ஆறு அறை விடுதியில விரிப்பு துவைப்பமா? சொல்லு."

பத்திரத்தை வாங்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 5
அக்கா பத்திரத்தைப் படிக்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தாள்.

"நீ கேக்கிறியா, அவர் கேக்கிறாரா?"

நான்தான் என்றேன். உடனே கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

கருணைத் தெய்வமே, குவான்யின் தாயே, அது பொய்தானே?

ஏப்ரல் 21
ஐந்து பேர். ஐந்து பாய், ஒரு மணி, இரண்டு பானை, ஊறுகாய் ஜாடி ஒன்பது. மலையில் நூற்றுப் பன்னிரண்டு படி. பழைய வீட்டுச் சுவரைத் தொட்டேன், கை ஈரமாயிற்று.

ஜூன் 9
எல்லா மேசையும் நிரம்பி வழிகிறது. இரண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டார். நாலாவது விடுதிக்கு இடம் பார்க்கிறார். புது மடத்தைப் பற்றிக் கேட்டேன். "ஆகட்டும்" என்றார்.

2008 பிப்ரவரி 10
சீனப் புத்தாண்டு நாலாம் நாள். அக்கா போய்விட்டாள். ஈரம் நெஞ்சில் இறங்கிவிட்டது. மருத்துவர் படியேறி வருவதற்குள் முடிந்துவிட்டது.

இவர் வரவில்லை. "அங்க நாலு மொட்டைத் தலை இருக்கும். பாத்துட்டு எப்படிம்மா மேசைப் பக்கம் போறது? புத்தாண்டுக் கூட்டம் முடியட்டும்."

அந்த ஆறு அறை விடுதி நாளில் நான் காய்ச்சலில் கிடந்தபோது அத்தனை விரிப்பையும் துவைத்தவள் அவள்தான்! மறந்துட்டாரா? நான் மட்டும் என்ன யோக்கியம் — கேட்டது நான்தானே, என் வாயாலதானே கேட்டேன்.

பிப்ரவரி 11
சவப்பெட்டியை அடக்கம் செய்யும்போது எண்ணினேன். நாலு பிக்குணிகள், நான்.

மே 26, திங்கள்
மடத்தில் மறுபடி ஐந்து பேர். காலையில் கீரை வாங்க இறங்கினோம். மழித்த தலையில் வெயில் சுரீரென்றது, இன்னும் பழகவில்லை. சந்தை முனையில் இவர் கார் எதிரே வந்தது. ஓட்டுநர் என்னை அடையாளம் கண்டு வேகத்தைக் குறைத்தார். பின்சீட்டுக் கறுப்புக் கண்ணாடி மெல்ல மேலே ஏறிற்று.

பக்கத்தில் ஆட வந்த விருந்தாளி யாராவது இருந்திருப்பார்.