சொட்டை, மூன்று பத்து

என் வீட்டுக்காரருக்கு, உங்கள் வாயாடி எழுதிக்கொள்வது.

முதலில் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒட்டகத்தில் ஏறினேன். அது பின்னங்காலை முதலில் தூக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? நான் கழுத்தைக் கட்டிப்பிடித்த பிடியில் ஒட்டகமே அலறிவிட்டது. பேருந்தில் வந்த அத்தனை பேரும் படம் பிடித்துக்கொண்டார்கள். நம் கல்யாணத்தன்றுகூட என்னை இத்தனை பேர் படம் எடுக்கவில்லை.

ஒட்டகம் ஏறவா வந்தாய் என்று கேட்பீர்கள். உங்கள் பாலைவனத்துக்குத் தனியாக வர வண்டி கிடையாதாம். சுற்றுலாப் பேருந்தில்தான் வரலாமாம். அதனால் உப்பு ஏரி, இடிந்த கோட்டை, ஒட்டகம் என்று எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டுத்தான் புருஷனைத் தேட வர முடிந்தது. உப்பு ஏரி நன்றாகத்தான் இருந்தது. பதினெட்டு வருஷமாக ஊரார் பெண்டாட்டிகளை எல்லாம் ஜீப்பில் ஏற்றி அதைக் காட்டினீர்கள். என்னை ஒரு நாள் கூட்டி வரவில்லை. அதை நேரில் வைத்துக்கொள்கிறேன்.

இப்போது மணல் தொடங்குகிற இடத்து டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் உள்ளே போய் இன்றோடு நாற்பத்தொரு நாள். உங்கள் ஓட்டுநர் கூட்டம் சொல்லித்தான் முழுக்கதையும் தெரிந்தது. சுற்றிப் பார்க்க வந்த ஒரு அம்மா மணல்மேட்டில் குடையை மறந்துவிட்டாராம். அரை மணியில் எடுத்து வருகிறேன் என்று நீங்கள் தனியாகக் கிளம்பினீர்களாம். பின்னாலேயே காற்று கிளம்பியிருக்கிறது. மூன்றாம் நாள் ஜீப் கிடைத்தது. கதவு திறந்து கிடந்தது. குடை இருந்தது. தண்ணீர்க் கேனும் நீங்களும் இல்லை.

வண்டி மணலில் புதைந்தால் வண்டியை விட்டு நகராதே, தேடுகிறவன் கண்ணுக்கு வண்டிதான் தெரியும் என்று புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள்தானாமே. ஊருக்குத்தான் உபதேசம். வீட்டிலும் அப்படித்தான். ஈரத்துண்டைக் கட்டிலில் போடாதே என்று மகளைத் திட்டுவீர்கள், போடுவது நீங்கள்.

பன்னிரண்டு நாள் தேடினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சிலருக்கு உதட்டு வெடிப்பு இன்னும் ஆறவில்லை.

கடைச் சுவரில் ஒரு கரும்பலகை இருக்கிறது. மணலுக்குள் போகிற ஓட்டுநர் பெயரையும் நேரத்தையும் எழுத வேண்டும். திரும்பி வந்ததும் தன் கையாலேயே அழிக்க வேண்டும். அவரையோ அவர் வீட்டு ஆளையோ தவிர வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. அதில் ஒரே ஒரு வரி. "சொட்டை, 3.10." உங்கள் கோழிக் கிறுக்கல். தலையில் முடி இல்லை என்று நான் சொன்னால் மூன்று நாள் பேசமாட்டீர்கள். இங்கே நீங்களே எழுதி வைத்திருக்கிறீர்கள்!

தேடல் நின்ற பிறகு அந்த வரிக்குக் கீழே தன் பெயரை எழுத ஒருவருக்கும் மனம் வரவில்லையாம். ஜீப்புகள் எல்லாம் வரிசையாக நின்று தூசி குடிக்கின்றன. அதற்குத்தான் எனக்கு போன் போட்டிருக்கிறார்கள். "போகாதம்மா, அழிக்கத்தான் கூப்பிடுறாங்க" என்று மகள் காலைப் பிடித்தாள். நான் வந்துவிட்டேன்.

உங்கள் ஓட்டுநர் கூட்டத்துத் தாடிக்கார அண்ணன் ஈரத்துணியோடு வந்து தலை நிமிராமல் நின்றார். "தப்பா நினைக்காதம்மா. எங்க வீட்டுலயும் அடுப்பு எரியணும்" என்றார்.

"அழிச்சா என்னண்ணே அர்த்தம்?" என்று கேட்டேன்.

"வந்துட்டான்னு அர்த்தம்."

"வேற அர்த்தம் இல்லையா?"

"இந்தப் பலகையில வேற அர்த்தம் கிடையாதும்மா" என்று சொல்லிவிட்டு வெளியே போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

அழித்துவிட்டேன். நேரத்தை முதலில், பெயரைக் கடைசியில். சாக்பீஸ் எழுத்து பலகையோடு இறுகிப் போயிருந்தது. இரண்டு கையாலும் அழுத்தித் தேய்க்க வேண்டியிருந்தது. துணியை மடித்து வைப்பதற்குள் ஒருவர் வந்து தன் பெயரை எழுதிவிட்டு ஜீப்பைக் கிளப்பினார்.

ஆக, பலகைப்படி நீங்கள் வந்துவிட்டீர்கள். இத்தனை ஆம்பிளைகள் முன்னால் நான் சொல்லியாயிற்று. கடிதத்தைக் கடைக்காரரிடம் கொடுத்து வைக்கிறேன். வந்ததும் தண்ணீரைக் குடித்துவிட்டு மெதுவாகப் படியுங்கள். எழுத்துப் பிழைக்குச் சிரிக்க வேண்டாம். என்னைவிட இரண்டு வகுப்பு கூடப் படித்த திமிரை வேறெங்காவது காட்டுங்கள். நான் உங்களிடம் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை என்று எழுதினால் அதற்கும் சிரிப்பீர்கள், தினமும்தான் கேட்டேன். இன்னும் ஒன்றே ஒன்று. என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள்.

எந்த வெயிலிலும் உங்களுக்கு ஒரு கை நிழல் கிடைக்கட்டும்.

உங்கள் வாயாடி

பின்குறிப்பு: கடைக்காரரிடம் கடிதத்தைத் திரும்ப வாங்கி இதை எழுதுகிறேன். அவசரத்தில் வேறு பேருந்தில் ஏறிவிட்டேன். இரண்டும் ஒரே நிறம். வழிகாட்டி தலைகளை எண்ணினார். மறுபடி எண்ணினார். ஒரு ஆள் அதிகமாக வருகிறதே என்றார். நானும் எழுந்து நின்று, சொட்டைத் தலை ஏதும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே அவருடன் சேர்ந்து எண்ணினேன். அது நான்தான் என்று தெரிந்ததும் இறக்கிவிட்டார்கள்.