மூன்று நாளாய் ஆடிய சாரம்

மகனின் உள்ளங்கையை மூன்றாம் தடவையாகச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். இரும்பு நாற்றம் போகவில்லை. பாரிசில், லா சப்பலில் எங்கள் கட்டடத்துக்கு இப்போது பூச்சு வேலை; சமையலறை யன்னலுக்கு வெளியே இரும்புச் சாரம் ஏறியிருக்கிறது. அதன் குழாயைப் பிடித்திருக்கிறான். கட்டியவர்கள் உன் முதலாளியின் ஆட்கள். கீழே தெருவில் அவனுடைய வான் வண்டியைக் கண்டேன், அண்ணா.

இதே யன்னலில் துணிக்கயிற்றின் ஒரு நுனியைக் கட்டி நீ எனக்கு ஆட்டிக் காட்டினாய். கை கண்டபடி ஆடியபோது கயிறு வெறுமனே துடித்தது. தாளம் ஒரு கணக்கில் விழுந்ததும் இரண்டு வயிறுபோலப் புடைத்துப் பிரிந்து எழுந்தது. நடுவில் ஒரு புள்ளி மட்டும் அசையவில்லை.

“பலம் தேவையில்லை. அதின்ரை தாளத்துக்குத் தள்ளினாக் காணும். காத்தும் சாரத்தை உப்பிடித்தான் தள்ளும்.”

“உதை நான் ஊரிலை ஏ.எல். பௌதிகத்திலையே படிச்சிட்டன்.”

“படிச்சனி. ஏறிப் பாத்தனியோ?”

நீ ஏறிய சாரம் ஏழு மாடி உயரம். அதைச் சுவரோடு பிணைக்கும் கம்பிகளில் பாதியைக் கழற்றி வேறொரு வேலைக்குக் கொண்டுபோனான் முதலாளி. தூசுக்குக் கட்டிய பிளாஸ்டிக் விரிப்பு பாய்மரப் பாயைப்போலக் காற்றை வாங்கியது. சாரம் மூன்று நாள் ஆடியது. நீ அவனிடம் சொன்னாய். அவன் தெருவில் நின்று அடிக்குழாயைத் தொட்டுவிட்டு, “எங்கையடா ஆடுது?” என்றானாம். “அண்ணை, அடி ஆடாது. மேலை வந்து பாருங்கோ” என்றாய் நீ. அவன் ஏறவில்லை. நாலாம் நாள், ஒவ்வொரு வீச்சுக்கும் சாய்வு கூடிக் கூடி, மேல்பாதி உன்னோடு தெருவில் விழுந்தது.

செத்த வீட்டுக்கு மலர்வளையத்தோடு வந்தான். “காத்துக்கு ஆர் என்ன செய்யிறது, பிள்ளை?” என்றான். இருந்து சாப்பிட்டும் போனான்.

அவனைவிட அருவருப்பு என்மேல்தான். விசாரணைக்கு வந்த அதிகாரியிடம், உன்னோடு வேலைக்கு நின்ற மன்னார்க்காரர், “மூண்டு நாளாய் ஆடினது, கம்பியளைக் கழட்டிப்போட்டினம்” என்றார். மொழிபெயர்க்கப் போனவள் நான். வாசலில் வைத்தே முதலாளி சொல்லியிருந்தான்: “அவருக்கு விசா இல்லை. பாத்துச் சொல்லுங்கோ.” நான் பிரெஞ்சில் சொன்னது: அன்றைக்குக் காற்று பலம். ஒரு மனிதரைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு கையெழுத்தும் போட்டேன்.

நேற்றுக் காலை சாரத்தில் நின்று யன்னலைத் தட்டியவர் அதே மன்னார்க்காரர். “தங்கச்சி, பிள்ளையை இஞ்சாலை விடாதை. இதுவும் ஆடுது.”

“நான் போய்ச் சொன்னா உங்கடை விசா?”

அவர் சிரித்தார். “எனக்குப் பேப்பர் கிடைச்சு ஒரு வருசம். ஆரும் கேக்கேல்லை.”

ஒரு வருடம், அண்ணா. நானும் கேட்கவில்லை.

இன்று மகனைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு அந்த அதிகாரியிடம் போனேன். அன்று மன்னார்க்காரர் சொன்னதை அவர் சொன்னபடியே சொன்னேன். பின்னேரம் அதிகாரியின் ஆட்கள் வந்து எங்கள் கட்டடத்து வேலையை நிறுத்தினார்கள். முதலாளி தெருவில் நின்று என்னை நன்றி கெட்டவள் என்று கத்தினான். நான் யன்னலைச் சாத்தவில்லை.

பழைய கோப்பிலிருந்து ‘காற்று பலம்’ என்ற அந்த வரியை எடுக்க முடியாதாம். என் பொய் அங்கேயே இருக்கும். உண்மையை அதற்குக் கீழேதான் எழுதுவார்களாம். எழுதட்டும். இரண்டும் என் கையெழுத்துத்தான்.