பதினோரு வாசல் தெரிகிற படம்

1946 ஜனவரி 8, செவ்வாய்

தோல் மண்டியில் இன்று சீட்டு ஒட்டுகிற பசை தீர்ந்துபோய் மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வந்தால் சந்து முழுக்கச் சனம். சர்க்கார் சிப்பாய் கதவுக்குக் கதவு நோட்டீஸ் ஒட்டிப் போயிருக்கிறான். தாராவியில் நாங்கள் இருக்கிற இந்த இடத்தை ஒரு சேட் சரக்குக் கிட்டங்கி கட்ட வாங்கிவிட்டாராம். 1940-க்கு முன்பே குடியிருந்ததற்கு அத்தாட்சி காட்டினால் இருக்கலாம். இல்லையென்றால் பதினோரு வீடும் காலி. 21-ம் தேதி விசாரணை.

நான் வந்தது முப்பத்து நாலில். அன்றிலிருந்து அரை மைல் தூரம் தண்ணீர் சுமக்கிறேன். அத்தாட்சி வேண்டுமாம்! என் இடுப்பு வலியைக் காட்டவா?

ஜனவரி 11, வெள்ளி

ரேஷன் கார்டு உதவாது. அது வந்ததே நாற்பத்து மூன்றில்தான். வாடகைக்கு எவனும் ரசீது கொடுத்ததில்லை. எங்கள் ஊர்க்காரர் சங்கத் தலைவர் நம்பிராஜன் அண்ணாச்சிதான், "கவலப்படாதிய. வருசா வருசம் எடுத்த போட்டா இருக்குல்லா?" என்றார். எல்லோருக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

ஜனவரி 13, ஞாயிறு

சங்கத்துப் பெட்டியைத் திறந்து படங்களைப் பாயில் பரப்பினோம். முப்பத்தாறு பொங்கல், வாசகசாலைத் திறப்பு, மூன்று கல்யாணம். ஒன்றில்கூட எங்கள் சந்து இல்லை! எல்லாவற்றிலும் பின்னால், படம் எடுக்கக் கட்டுகிற அந்தச் சித்திரப் படுதா. பளிங்குப் படிக்கட்டு, குளம், இரண்டு அன்னம். ஊருக்கு அனுப்புகிற படத்தில் சாக்கடையும் தகரக் கூரையும் தெரியக் கூடாது என்று ஆசைப்பட்டு வாங்கினோம். ஒரு தரம் ஓரத்தில் என் வீடு எட்டிப் பார்த்தது. நானே ஒரு போர்வையை இழுத்து மறைத்தேன். நல்லா மறைச்சேன், போ! இதைக் கொண்டுபோனால் சேட்டின் வக்கீல், இது எந்த பங்களாத் தோட்டம் என்று கேட்கமாட்டானா?

"நம்ம கையே நம்ம கண்ணக் குத்திட்டே, வடிவு" என்றாள் பக்கத்து வீட்டுச் சொர்ணம்மாள் மதினி.

ஜனவரி 14, திங்கள்

பொங்கல் பொங்கியது. பிள்ளைகள் மட்டும்தான் தின்றார்கள்.

ஜனவரி 17, வியாழன்

கிங்ஸ் சர்க்கிளுக்கு நடந்தே போனேன். எங்கள் படங்களையெல்லாம் எடுத்த ஜமால் பாயின் கடை அங்கேதான். படம் எடுத்த கண்ணாடி பிளேட் ஏதாவது மிச்சம் உண்டா என்று கேட்டேன். "எல்லாத்தையும் சண்டைக் காலத்துல கழுவி வெறுங் கண்ணாடியா வித்துட்டேம்மா" என்றார். பிறகு, என் முகத்தைப் பாராமல், "படுதா கட்டாம ஒண்ணே ஒண்ணு எடுத்தேன். அது ஒன்கிட்டதான் இருக்கு" என்றார்.

இருக்கிறது. காது கேட்காதவள்போல எழுந்து வந்துவிட்டேன்.

ஜனவரி 19, சனி

எடுத்துப் பார்த்துவிட்டேன். டிரங்குப் பெட்டியின் அடியில் ஆறு வருஷமாகக் கிடந்தது.

என் வீட்டுக்காரர் செத்த அன்று எடுத்த படம். மாமியார் ஊரிலிருந்து வந்து சேர முடியாது, கடைசி முகத்தையாவது பார்க்கட்டும் என்று நாற்காலியில் உட்காரவைத்து, துண்டால் கட்டி எடுத்தார்கள். அந்தப் பதற்றத்தில் யாருக்கும் படுதா ஞாபகம் வரவில்லை. அதை அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. பார்க்கவும் வரவில்லை.

தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. பக்கத்தில் நான், தலைவிரிகோலமாக, வாயைத் திறந்துகொண்டு. பின்னால் — எங்கள் சந்து! எண்ணினேன். பதினோரு வாசல். கூரைக்கு மேலே இரண்டு இரும்புப் பட்டை போட்ட எங்கள் மண்டிப் புகைபோக்கி, இன்றைக்கும் இருக்கிறபடியே. அடியில் ஜமால் பாயின் கையெழுத்து: பூலோகம், மறைவு 17-8-39.

அட பாவி மனுசா! இருக்கும்போது ஒரு நாளு சொன்ன நேரத்துக்கு வந்திருப்பியா? இப்ப வந்து உக்காந்திருக்கியே.

ஜனவரி 20, ஞாயிறு

அண்ணாச்சி படத்தை வாங்கிப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தார். "நம்ம பொம்பளைய மாரடிச்சிக்கிட்டு நிக்கத ஆபீஸ்ல விரிச்சுக் காட்டவா? மானம் போயிரும். வேற வழி பாப்போம்."

"எந்த வழி அண்ணாச்சி? அன்னம் நீந்துத வழியா?"

படத்தை எடுத்து முந்தானையில் சுற்றினேன். "புருசன் செத்தா அழத்தான் செய்வா. அதுல என்ன மானக்கேடு? புள்ளகுட்டியளோட நடுத்தெருவுல நிக்கதுதான் மானக்கேடு. நானே கொண்டு போறேன்" என்றேன். மதினி, "நானும் வாரேன்" என்று எழுந்தாள்.

ஜனவரி 21, திங்கள்

அதிகாரி படத்தை வெளிச்சத்தில் பிடித்து வாசல்களை விரலால் எண்ணினார். தேதியை யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றான் வக்கீல். சுடுகாட்டுச் சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அதே தேதி. வேறு இடமாக இருக்கலாம் என்றான். "இந்தப் புகைபோக்கி எங்க இருக்குன்னு ஒங்க சேட்டையே கேளுங்க" என்றேன். அதிகாரி சேட்டைப் பார்த்தார். சேட் தரையைப் பார்த்தார்.

அதற்குப் பிறகுதான் குமாஸ்தா குண்டைப் போட்டார். படம் பைலோடு இருக்க வேண்டுமாம், திரும்பக் கிடைக்காதாம். நகல் எடுத்துத் தருகிறேன் என்று கெஞ்சினேன். அசல்தான் வேண்டும், இன்றைக்கே வேண்டும் என்றார்.

என் வீட்டுக்காரருக்கு வேறு படம் கிடையாது; சங்கத்துப் படம் எதற்கும் அவர் நேரத்துக்கு வந்து நின்றதில்லை. எங்கள் கல்யாணத்துக்குக்கூட எடுக்கவில்லை.

கொடுத்துவிட்டேன். வெளியே வந்ததும் மதினிதான் அழுதாள். நான் அழவில்லை. நான் அழுதது பைலில் இருக்கிறதே, அது போதும்.

பிப்ரவரி 6, புதன்

உத்தரவு வந்துவிட்டது. பதினோரு வீடும் இருக்கலாம்.

பிப்ரவரி 9, சனி

மண்டியில் லீவு சொல்லிவிட்டுக் கோட்டைப் பகுதியில் விசாரணை நடந்த ஆபீசுக்குப் போனேன். ரிக்கார்டு அறை வாசலில் ஒரு கிழட்டுச் சிப்பாய் மறித்தான். வக்கீலா என்றான். இல்லை என்றேன். சேட் வீட்டு ஆளா? அதுவும் இல்லை. அப்படியானால் இந்தப் பைலில் உனக்கு என்ன வேலை, நீ யார் என்று அதட்டினான்.

"அதுக்குள்ளே தலையை விரித்துப்போட்டு நிற்கிறாளே, அவள்தான் நான். நாற்காலியில் இருப்பவர் என் வீட்டுக்காரர். பார்க்க வந்திருக்கிறேன். மாதாமாதம் வருவேன்" என்று அவனுடைய இந்தியிலேயே சொன்னேன்.

என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தான். பிறகு ஸ்டூலைத் துடைத்துப் போட்டுவிட்டுப் பைலை எடுக்க உள்ளே போனான்.