வெளித்துறைக் கப்பலுக்குப் போன குறுந்தகடு

உருவாயும் அருவாயும் நின்று, ஒலியிலும் ஒளியிலும் ஒருங்கே விளங்கும் பெருமானே, அலையோசை கேட்கும் தொலைவில் எங்கள் திருவொற்றியூரில் கோயில் கொண்டவனே, உன் திருவடியை வணங்கியே இம்மடலைத் தொடங்குகிறேன். இது என் தங்கைக்கு எழுதுவது. அவள் தான் நாள்தோறும் வணங்கிய மாதாவின் மடியில் இருக்கிறாள். முகவரி எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும், நீயே சேர்த்துவிடு.

தங்கையே,

இன்று காலை எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் பெருமூச்சு விடத் தொடங்கியது. ஒரு கடிதம் அடிப்பதற்குள் இருமுறை அணைந்தது. புதிதாக வாங்கிவிடலாம் என்றாள் மருமகள். நான் திருப்புளி கேட்டேன். எண்பதைத் தாண்டியவன் திருப்புளியோடு தரையில் அமர்ந்ததைக் கண்டு வீடே கூடிவிட்டது. பக்கத்து மூடியைக் கழற்றி, உள்ளிருந்த விசிறியை எடுத்து, அதை மூக்கருகே கொண்டு போனேன்.

"மாமா, அது இன்னா பூவா, மோந்து பாக்குறதுக்கு?" என்றாள் மருமகள்.

தூசி வாசனை மட்டுமே இருந்தது. தூசிதான் என்று சொல்லித் துடைத்து மாட்டினேன். இயந்திரம் அமைதியாக ஓடிற்று. விசிறியை ஏன் மோந்தேன் என்று அவர்களுக்கு விளக்க ஒரு மணி நேரம் வேண்டியிருக்கும். உனக்கோ ஒரு சொல்லும் வேண்டாம். ஆயினும் அந்த வெள்ளிக்கிழமையை உன்னோடு இன்னொரு முறை வாழ்ந்து பார்க்க வேண்டும் என்று நெஞ்சு துள்ளுகிறது.

புதிய நூற்றாண்டு பிறந்து ஓரிரு ஆண்டுகளே ஆகியிருந்தன. தொழிற்சாலையில் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்த நீ, ஆலை மூடிய பின், கல்யாண வீடியோ எடுத்துவந்த உன் கணவரும் காலமான பின், அவருடைய கேமராவை விற்று ஒரு கம்ப்யூட்டர் வாங்கினாய். பிறர் எடுத்து வரும் கல்யாணங்களை வெட்டி ஒட்டித் தரும் தொழிலை எங்கள் வீட்டு மாடி அறையில் தொடங்கினாய். வாடகைக்கு வந்த முதல் வாரமே என்னை 'அண்ணே' என்று அழைத்தாய். நான் திருமுறை ஓதுவதும் புராணம் சொல்வதுமாகக் காலம் கழித்தவன். உன் படங்களின் முகப்பில் வரும் வாழ்த்துப் பாக்களை நானே எழுதித் தருவேன் என்று வலிய வந்து பொறுப்பேற்றேன். உள்ளபடி சொன்னால், பாக்கள் ஒரு சாக்கு. திரையில் மணமக்கள் பின்னோக்கி நடப்பதையும், நீ ஒரு பொத்தானை அழுத்தியதும் நின்று, மறுபடி முன்னோக்கி நடப்பதையும் பார்க்கவே நான் அந்தப் படிகளை ஏறினேன்.

அந்த வெள்ளியன்று காலை எட்டு மணிக்கு எர்ணாவூரிலிருந்து ஒரு மணமகளின் தாய் மூச்சிரைக்க மாடியேறி வந்தாள். அவள் கணவர் சரக்குக் கப்பலில் சமையற்காரர். ஒப்பந்தம் முடியாததால் ஒரே மகளின் திருமணத்துக்கு அவரால் வர முடியவில்லை. அந்தத் திருமணத்தின் படம்தான் உன் இயந்திரத்தில் இருந்தது. ஞாயிறன்று வரும் என்றிருந்த கப்பல் முன்னதாகவே வந்து வெளித்துறையில் நங்கூரமிட்டிருந்தது, மாலையே புறப்படுகிறது, கரையிறங்க அனுமதியில்லை. காய்கறி ஏற்றிப் போகும் லாஞ்சுப் படகு ஒன்றுதான் கப்பலைத் தொடும். அதன் ஓட்டுநர் மூன்றரை மணிவரை துறைமுக வாசலில் நிற்பதாகச் சொல்லியிருந்தார்.

"இன்னிக்கு வுட்டா ஏழு மாசம், அக்கா. பொண்ணு கயித்துல மஞ்சள் காயறதுக்குள்ள அந்தாளு ஒரு தபா பாத்துரணும்."

"வெட்டி ஒட்டி எல்லாம் ரெடியாத்தான் கீது. மூணு மணி நேரம் ஓடுனா ஒரே படமா சேந்துரும். அப்பால சிடில ஏத்துனா முடிஞ்சுது. ஒக்காரு, டீ குடி" என்றாய். சிலுவைக் குறியிட்டுக்கொண்டு பொத்தானை அழுத்தினாய்.

முப்பது நிமிடத்தில் திரை கறுத்தது. கம்ப்யூட்டர் தானே அணைந்து, தானே எழுந்து, ஒன்றும் அறியாததுபோல் நீலத்திரையைக் காட்டியது. சேர்ந்தவரை எல்லாம் போயிற்று. நான் மின்னழுத்தக் குறைவு என்றேன். அந்தத் தாய் கண்ணேறு என்றாள். நீ மறுபடி தொடங்கினாய். இம்முறை பதினொரு நிமிடம்.

எனக்கு நம்பிக்கை போய்விட்டது. உன் முகத்திலோ ஒளி வந்தது. அதை இன்றும் நான் கண்முன் காண்கிறேன்.

"அண்ணே, மொத தபா முப்பது நிமிசம். ரெண்டாந்தபா பதினொண்ணு. கரண்டு கோளாறுன்னா இஷ்டத்துக்குப் போவும். சீக்கிரம் சீக்கிரமா சாவுதுன்னா இன்னா அர்த்தம்? சூடு. ஆலைல மோட்டாரும் இதே மாரிதான் மூச்ச வுடும்."

மூடியைக் கழற்றினாய். உள்ளே, மூளைச் சில்லின் தலைமேல் இருந்த சிறு விசிறி சுற்ற மாட்டாமல் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் இதழ்களில் கருப்பாக ஒரு பிசின். தூரிகையால் தட்டினாய், உதிரவில்லை. நகத்தால் சுரண்டினாய், நகத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது. வெறும் துறைமுகக் கரித்தூள் என்றால் ஊதினாலே பறந்துவிடுமே என்று முணுமுணுத்தபடி அதை முகர்ந்து பார்த்தாய். பின் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டுப் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாய்.

"இன்னா அக்கா கோளாறு?" என்றாள் அந்தத் தாய்.

"ஹார்பர் கரிதான். காத்துல வந்து அடைச்சுகினு கீது" என்றாய்.

நீ பொய் சொல்லி நான் கேட்டதில்லை; ஆனால் உன் பார்வை தாழ்ந்தது உறுத்தியது. ஆகவே விசிறியை வாங்கி நானும் முகர்ந்தேன். சாம்பிராணி.

உன் ஜன்னலுக்கு நேர் கீழே என் பூசையறை ஜன்னல். வெள்ளிதோறும் தணல் நிறையச் சாம்பிராணி போட்டு, வீடே மேகத்துள் மூழ்கும்படி தூபம் காட்டுவது என் வழக்கம். அந்தப் புகை மேலே ஏறி உன் இயந்திரத்தின் வாய்வழியே புகுந்து பசையாகப் படிந்திருக்கிறது. கடற்காற்றில் வந்த கரி அந்தப் பசையில் வந்து அப்பியிருக்கிறது. அன்று விடியற்காலையிலும் இரண்டு பிடி அதிகமாகவே போட்டிருந்தேன். பக்தியின் மிகுதி என்று நான் எண்ணி மகிழ்ந்தது, ஒரு தகப்பனின் கண்ணை மறைக்கும் திரையாக மாடியில் படிந்துகொண்டிருந்தது. நீ இதை எத்தனை வாரமாக அறிந்திருந்தாயோ. பின்னாளில் கேட்டபோது, அன்றுதான் தெரிந்தது என்று சாதித்துவிட்டாய்.

விசிறியை உன்னிடமே திருப்பித் தந்தேன். "கரி மட்டும் இல்லையம்மா. என் சாம்பிராணிப் புகை. பிழை என்னுடையது" என்று அந்தத் தாயிடம் சொன்னேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "சாமி பொகைதானே, பெரியவரே. அதுக்கா மூஞ்சிய தொங்கப் போட்டுகினு கீறீங்க? எய்ந்து போயி, எத்த வச்சுத் தொடைக்கணுமோ அத்த வாங்கியாங்க."

"மருந்துக் கடைல ஸ்பிரிட்டு, பஞ்சு" என்றாய் நீ, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

மேல்துண்டு நழுவ நழுவ நான் தெருவில் ஓடினேன். கோயிலில் என் கதை கேட்பவர்கள் வழிவிட்டு நின்று பார்த்தார்கள். திரும்பி வந்தபோது நீ பல்துலக்கும் தூரிகையோடு காத்திருந்தாய். ஒவ்வோர் இதழாகத் தேய்த்தாய். கருப்பு நீர் வடிந்தது. பிறகு மூடியைத் திறந்தபடியே வைத்து, என் கட்டிலருகே இருந்த மேசை விசிறியைத் தூக்கி வரச்செய்து, அதை முழு வேகத்தில் கம்ப்யூட்டரின் வயிற்றுக்கு எதிரே நிறுத்தினாய். பொத்தானை அழுத்தினாய். பதினொன்று கடந்தது. முப்பது கடந்தது. முப்பத்தொன்றாம் நிமிடத்தில் அந்தத் தாய் கைதட்டிவிட்டாள். "தட்டாத, அதுக்குக் கூச்சம்" என்றாய்.

அந்த மூன்று மணி நேரத்தில்தான் நமக்குள் ஒரு சிறு வழக்கு நடந்தது. திரையில் தாலி கட்டும் காட்சி மெல்ல நகர்ந்தது. தலைகுனிந்திருந்த பெண், முடிச்சு விழும் நேரத்தில் நிமிர்ந்து கேமராவை நேராகப் பார்த்துவிடுகிறாள். மணமகள் நாணிக் குனிந்திருப்பதே அழகு, அதை வெட்டியிருக்கலாமே என்றேன். நான் எழுதித் தந்த நான்கு பாக்களில் மூன்றை நீ வெட்டிவிட்டாய் என்ற வருத்தமும் அதில் கலந்திருந்தது.

"அண்ணே, பாட்ட வெட்டுனா ஒங்களுக்குத்தான் நஷ்டம். இத்த வெட்டுனா அந்தாளுக்கு. அவ கேமராவ பாக்கல. அதுக்குப் பின்னாடி அப்பன் நிக்கிறதா நெனச்சுகினு பாக்குறா."

மகளிரின் நோக்கு பற்றி எத்தனையோ பாக்களுக்கு உரை சொன்னவன் நான். அந்த நோக்கை உனக்குப் படிக்கத் தெரிந்தது, எனக்குத் தெரியவில்லை.

படம் ஒன்றாகச் சேர்ந்தபோது மணி இரண்டைத் தாண்டியிருந்தது. இரண்டே வெற்றுத் தகடுகள் கையிருப்பு. முதல் தகடு பாதியில் பிழை காட்டிப் பாழாயிற்று. நீ பதறவில்லை. "வெசிறியே அப்படின்னா, எழுதுற கண்ணு மட்டும் சுத்தமாவா இருக்கும்?" என்று தகடு எழுதும் பெட்டியைக் கழற்றி, உள்ளே மிளகளவு இருந்த கண்ணாடியை எனக்குக் காட்டினாய். அதில் மங்கலான மஞ்சள் படலம். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை ஓர் ஈர்க்கில் சுற்றி என்னிடம் நீட்டினாய்.

"நீங்களே தொடைங்க. அழுத்தக் கூடாது. கொயந்தைக்கு மை இடற மாரி."

திருமேனிக்குச் சந்தனம் சாத்தும்போதும் என் கை அவ்வளவு கவனமாக இருந்ததில்லை. துடைத்தேன். கண்ணாடி நீலமாய் மின்னிற்று. கடைசித் தகட்டைப் போட்டு, வேகத்தை மிகக் குறைத்து வைத்தாய். நீ ஜெபமாலையை உருட்ட, நான் ஐந்தெழுத்தை உருவேற்ற, அந்தத் தாய் நம் இருவரையும் மாறி மாறிப் பார்க்க, தகடு வெளியே வந்தது. போட்டுப் பார்த்தோம். நாதசுரம் கேட்டது.

மணி மூன்று. அந்தத் தாய் ஆட்டோவுக்கு ஓடினாள். தெருமுனையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வால்முனை தெரியாமல் நின்றன. ஆட்டோ எதுவும் நகரவில்லை. நீ உன் மொபெட்டை உதைத்துக் கிளப்பினாய். "ஏறுங்கண்ணே. சிடிய மாருல வச்சுக்குங்க. எனக்கு ரெண்டு கையும் வேணும்." திருநீறு பூசிய கிழவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, லாரிகளின் இடுக்கில், காசிமேட்டு மீன்கூடைகளின் ஓரத்தில், யாரோ "நைனா, காலை மடக்கு" என்று கத்த, நீ பறந்தாய். அச்சமாக இருந்தது, அதைவிட ஆனந்தமாக இருந்தது. என் வாழ்நாளில் எந்தத் தேர்மீதும் நான் அப்படி அமர்ந்ததில்லை. வாசலில் லாஞ்சுக்காரர் பீடியை அணைத்துவிட்டுத் திரும்பப் போன நேரத்தில் தகட்டை அவர் கையில் வைத்தோம்.

பன்னிரண்டு நாள் கழித்து எங்கள் வீட்டுத் தொலைபேசி ஒலித்தது. ஏதோ ஒரு தூரத்துத் துறைமுகம். "சிடி போட்ட அக்கா கீறாங்களா?" உன்னைக் கூவி அழைத்தேன். ஒரே கருவியில் இருவரும் காதை வைத்துக்கொண்டோம்.

"அக்கா, ஒரு பேஜாரு ஆயிடுச்சு."

உன் முகம் வெளிறிற்று. "சிடி ஓடலயா?"

"அது மூணு தபா ஓடிச்சுக்கா. கேப்டன் ரூம் கம்ப்யூட்டர்ல போட்டோம். எல்லா தேசத்துக்காரனும் நின்னான். தாலி கட்டுறப்ப எம்பொண்ணு நேரா என்னியே பாத்துச்சு. சும்மா நிக்க முடியல. சமையக்காரனாச்சே நானு, அரிசில மஞ்சள் கலந்து கைல வச்சுகினு இருந்தேன். அப்படியே தூவிட்டேன். மொத்தமும் கீபோர்டுக்குள்ள பூந்துகிச்சு. இப்ப ஒரு பட்டனும் எறங்க மாட்டேங்குது. கேப்டன் கத்திகினு கீறாரு."

நீ வாயைப் பொத்திக்கொண்டாய். கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. குரல் மட்டும் மெக்கானிக்கின் குரல். "ஒயர புடுங்கு. கீபோர்ட தலகீழா கவுத்து முதுகுல மெள்ள தட்டு. அரிசி கொட்டிரும். தண்ணி காட்டாத."

கீபோர்டு கப்பலில், அவரோ கரைத் தொலைபேசியில்; தட்டும் ஓசை நமக்குக் கேட்காது. ஆனால் நாம் அந்தக் கருவியைக் கீழே வைக்கவே இல்லை. அவர் பேசிய காசு தீரும்வரை கேட்டுக்கொண்டே நின்றோம்.

தூபத்தை அந்த வாரமே கொல்லைப்புறத்துக்கு மாற்றிக்கொண்டேன். பெருமான் அங்கும் வந்து ஏற்றுக்கொண்டான். நீ போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. இன்றும் மணவீடுகளில் முதியவன் என்று என்னை முன்னே நிறுத்துகிறார்கள். மஞ்சள் அரிசி கைக்கு வந்ததும் பாதியை மணமக்கள்மேல் தூவுகிறேன். மீதியை, வர முடியாமல் எங்கோ இருப்பவர்களுக்காக, வீடியோ எடுப்பவர் நிற்கும் பக்கமாகத் தூவுகிறேன். சென்ற மாதம் ஒருவர் கடிந்துகொண்டார்: "பெரியவரே, லென்ஸு மேல போடாதீங்க." நான் சொன்னேன்: "கொண்டு வாருங்கள், துடைத்துத் தருகிறேன். அழுத்தாமல் துடைக்க என் தங்கை கற்றுக்கொடுத்திருக்கிறாள்."

இதைப் படிக்கும் அன்பர்களே, உங்கள் இல்லத்தில் விளக்கும் அடுப்பும் அணையாதிருக்கட்டும். தொலைவில் உழைப்பவர் நலமாக வீடு திரும்பட்டும். திரும்பும்வரை அவர் முகம் உங்களுக்கும், உங்கள் முகம் அவருக்கும் தெளிவாகத் தெரியட்டும். மக்களும் சுற்றமும் மங்கலமாய் வாழ்க.