மேற்கு ஜன்னலுக்கு எதிரே ஒரு பெட்டி

திருநகர்
21.4.2025

நல்லகாமன் சம்சாரம் ஒச்சம்மாளுக்கு, மூத்தவர் வீட்டுப் பாண்டியம்மாள் எழுதுவது.

நீ சௌக்கியமா என்று கேட்க இதை எழுதவில்லை. பக்கத்து வீட்டுக்குக் கடுதாசி எழுதுகிறாளே கிழவி என்று சிரிப்பாய். சிரி. உன்னோடு வாய் திறந்து பேசமாட்டேன் என்று அழகர்கோவில் பதினெட்டாம்படியில் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணியவள் நான். எழுதமாட்டேன் என்று பண்ணவில்லை. அது கருப்பனுக்கும் தெரியும்.

விஷயம் இதுதான். போன வாரம் உன் வீட்டில் ஏசி மாட்டினீர்கள். அதன் வெளிப்பெட்டி என் மேற்கு ஜன்னலைப் பார்த்து மூச்சு விடுகிறது.

பேத்தி மீனா எனக்கு இந்த வீட்டைக் கட்டும்போதே, "இதுக்கு ஏசியே வேணாம் அப்பத்தா" என்றாள். நடுவில் பொந்து விட்டுச் சுவர் எழுப்பினாள். எலிப்பொறிக் கட்டு என்று அதற்குப் பேராம். "அப்ப நான்தான் எலியாடி?" என்று கேட்டேன். "சூடுதான் எலி. செவுத்துக்குள்ளயே மாட்டிக்கிரும்" என்றாள். மேல்தளத்துக்குள் மண்பானைகளைக் கவிழ்த்துப் போட்டாள். பகலில் ஜன்னலைச் சாத்து, பொழுது சாய்ந்ததும் மேற்கு ஜன்னலைத் திற, உள்ளே இருக்கிற சூடு மேல் ஓட்டை வழியாகப் போய்விடும் என்றாள். மூன்று கோடை அப்படித்தான் கழிந்தது. இப்போது ஜன்னலைத் திறந்தால் செங்கல் சூளை வாயில் நிற்கிற மாதிரி இருக்கிறது.

எனக்கு மூச்சிழுப்பு. அது உனக்குத் தெரியும். மீனா சென்னையில் இருந்துகொண்டே என் வீட்டுச் சூட்டை போனில் பார்க்கிறாள், அதற்கொரு மெஷின் சுவரில் இருக்கிறது. "முப்பத்தஞ்சுக்குக் கீழ எறங்கலேன்னா உங்கள இங்க கூட்டிட்டு வந்துருவேன்" என்கிறாள். அவள் வீடு பதினோராவது மாடி. அங்கே போய் நான் யார் முகத்தைப் பார்ப்பது?

ஒன்று பெட்டி நகரணும். இல்லை, நான் நகரணும். பெட்டியை நகர்த்து.

பாண்டியம்மாள்


23.4.2025

அக்காவுக்கு ஒச்சம்மாள் வணக்கம்.

பால்காரர் காளை உங்கள் கடுதாசியைக் கொடுத்தார். நான் சிரிக்கவில்லை அக்கா. சிரித்து ரொம்ப நாள் ஆகிறது.

இவர் விழுந்ததில் இருந்து ஆறு மாசமாகப் படுக்கை. முதுகெல்லாம் புண். வேர்வை பட்டால் சின்னப்பிள்ளை மாதிரிக் கத்துகிறார். டாக்டர்தான் ஏசி போடச் சொன்னார். பெட்டியை வைக்க வேறு பக்கம் இடமில்லை. மாடியில் வைத்தால் வெயிலுக்கு நின்று நின்று போகும் என்கிறான் மெக்கானிக். எங்கள் காங்கிரீட் தளம் சாயங்காலம் ஏழு மணிக்கும் தோசைக்கல்லாக் காய்கிறது. ஏசியும் ஓயாமல் ஓடுகிறது, நானும் ஓயாமல் ஓடுகிறேன்.

கோபப்பட வேண்டாம்.

ஒச்சம்மாள்


28.4.2025

ஒச்சம்மாளுக்கு,

தோசைக்கல் என்று எழுதியிருந்தாய். அந்தத் தளம் என்றைக்குப் போட்டது என்று ஞாபகம் இருக்கிறதா? உனக்கு இருக்காது. எனக்கு இருக்கிறது. 2003 வைகாசி பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை. பத்தேகாலுக்கு என் வீட்டுக்காரர் உயிர் போனது. உன் புருசனுக்குக் கூடப்பிறந்த அண்ணன். நான் வாசலில் மாரடித்து அழுகிறேன், உன் வீட்டில் மிக்சர் மெஷின் கடகட என்று ஓடுகிறது. ஒப்பாரி வைத்தவர்கள் மெஷினுக்கு மேலே கத்த வேண்டியிருந்தது. கொத்தனார் கருத்தக்கண்ணன் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு பாதி ஏணி இறங்கினான். பிறகு திரும்ப ஏறிவிட்டான். யாரோ ஏறச் சொல்லியிருக்கிறார்கள்.

சாயங்காலம் பச்சைச் சேலையில் வந்து, "எங்களுக்கு இப்பத்தேன் தெரியும்க்கா" என்றாய். இடையில் ஒரு சந்துதான். இத்தனை வருசமும் யார் கேட்டாலும் அதையே சொல்கிறாய்.

தளம் உன்னுது. வேகிறது நானா?

பாண்டியம்மாள்


6.5.2025

அக்கா,

பதில் எழுத எட்டு நாள் ஆகிவிட்டது.

எங்களுக்குத் தெரியும். பத்தரைக்கே தெரியும். இவர் காங்கிரீட் சட்டியைப் போட்டுவிட்டு அண்ணே அண்ணே என்று ஓடப் பார்த்தார். கையைப் பிடித்து நிறுத்தினது நான்தான். பாதியில் விட்டால் பழைய காங்கிரீட்டும் புதுசும் ஒட்டாது, காலத்துக்கும் ஒழுகும் என்று சொல்லியிருந்தார்கள். "போன உசுரு போயிருச்சு. இனி சாயங்காலம் போனா என்ன, தளத்த முடிச்சுட்டுப் போவோம்" என்று சொன்னேன். என் வாயில் வந்த வார்த்தைதான். கருத்தக்கண்ணனை ஏறச் சொன்னதும் நான்தான். இவர் அழுதுகொண்டே சட்டி வாங்கினார்.

மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. அந்தப் பொய்யைச் சுமக்கத் தெம்பு இல்லை. அவ்வளவுதான்.

பெட்டியைக் கழற்ற வெள்ளிக்கிழமை மெக்கானிக்கை வரச் சொல்லியிருக்கிறேன். ஈரத்துணி போட்டு விசிறிக்கொள்கிறேன். நீங்கள் சென்னைக்குப் போக வேண்டாம்.

ஒச்சம்மாள்


8.5.2025

ஒச்சம்மா,

மூன்று தடவை எழுத்துக்கூட்டிப் படித்தேன். இதற்காகத்தான் இருபத்திரண்டு வருசம் காத்துக் கிடந்தேன். இது தெரிந்தால் நெஞ்சு ஆறும் என்று நினைத்தேன். ஆறவில்லை. அசதியாக இருக்கிறது.

மன்னிப்பு கேட்காததும் நல்லதுதான். கொடுக்க என்னிடம் இல்லை. அந்த வார்த்தை என்னோடுதான் வேகும்.

மெக்கானிக்கை வர வேண்டாம் என்று சொல்லு. நேற்று சாயங்காலம் கரண்டு போனதே, உன் பெட்டி நின்றது. அரை மணி நேரத்தில் என் வீட்டுக்குள் காற்று வந்துவிட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பெட்டி ஓடுகிறது அவருக்காக. அவர் என் வீட்டில் படுத்துக் கிடந்தால் அது எதற்கு ஓடணும்? அது ஓடாவிட்டால் இந்த வீடு குளிரும். அவருக்கும் ஆச்சு, எனக்கும் ஆச்சு. மேல்படிப்பு படித்த மீனாவுக்கே இது தோன்றவில்லை. போனில் சொன்னேன். எனக்குத்தான் காது சரியாகக் கேட்காதே, கத்திச் சொன்னாள்: "ஜன்னலுக்கு ரெண்டடி தள்ளிக் கட்டிலப் போடுங்க அப்பத்தா." போட்டாச்சு.

நாளைக்கு வெயில் தாழ்ந்ததும் அவரைக் கொண்டு வா. நாலு பேரைத் தூக்கச் சொல்லாதே, தெருவே பயந்துபோகும். ஆறு பேரைக் கூப்பிடு. முன்வாசல் வழியாகவே வாருங்கள்.

நீயும் வந்துதான் பார்க்கணும், என்னால் அவரைப் புரட்ட முடியாது. நான் உன்னோடு பேசமாட்டேன். நீ பேசினால் காதில் விழுகிறது விழட்டும்.

இது கொழுந்தனுக்காக. அழுதுகொண்டே சட்டி வாங்கினார் என்று எழுதியிருந்தாயே, அதற்காக.

கஞ்சிக்கு உப்புப் போடலாமா, டாக்டர் வேண்டாம் என்கிறாரா? எழுதி அனுப்பு. காலையில் அரிசி நொறுக்கணும்.

பாண்டியம்மாள்