சாம்பல் திரைக்கு மூன்று பூச்சு

ஜூன் 10, செவ்வாய்

மேகம். மழை வரும்போல இருந்து வரவில்லை. எழுந்தது பத்து மணிக்கு.

தமிழ்ப் பள்ளிப் பெற்றோரின் போன் குழுவில் பழைய மாணவி என்று என்னையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். இரண்டு வருடமாக வாய் திறக்காத நான் நேற்று எழுதியது மூன்றே சொற்கள்: "திரை நான் செய்யிறன்."

போன வருட ஆண்டு இறுதி விழாவில் படுக்கை விரிப்பைக் கட்டிப் படம் போட்டார்கள். யாராவது கதவைத் திறந்தால் படத்திலுள்ளவர்களின் முகம் சுருங்கும், மூடினால் விரியும். பாதி வெளிச்சம் துணிக்குப் பின்னால் போய்விட்டது. இந்த வருட விழா வரும் சனி, ஐந்து மணி.

குழுத் தலைவர் யோகன் மாமாவின் பதில் (மாமா என்பது வெறும் பேச்சுக்கு, சொந்தம் இல்லை): "நல்லது பிள்ளை. ஆனால் தொடங்கினால் முடிக்கவேணும். பள்ளிக்கூடம் மாதிரி இடையிலை விடுறேல்லை." கீழே பதினொரு சிரிக்கும் முகங்கள். எண்ணினேன்.

ஜனவரியில் மேல்நிலைப் பள்ளியை இடையில் விட்டவள் நான். அவருடைய பிள்ளையா? அவருடைய பள்ளியா?

அம்மா குசினியில் போனில்: "ஓம் ஓம், அவ இப்ப கோர்ஸ் ஒண்டு செய்யிறா." என்ன கோர்ஸ்? திரைக் கோர்ஸ்.

முடிப்பேன்.

ஜூன் 11, புதன்

வெயில். ரயிலில் ட்வெய்ட்டாவுக்குப் போய், அங்கிருந்து பஸ்ஸில் இன்னும் இரண்டு தரிப்பு. பெயின்ட் கடை.

யோசித்தவை:
படுக்கை விரிப்பு. இல்லவே இல்லை.
வெளிச்சம் மறைக்கும் திரைச்சீலைத் துணி. சட்டத்தில் இழுத்து அடிக்கும்போது மூலையில் சுருங்கும்.
மண்டபச் சுவர். மேடு பள்ளம்.
அழுத்திய மரத்தூள் பலகை. ஒரே துண்டாகக் கிடைக்கிறது, மூட்டு இல்லை. இதுதான். யோகன் மாமாவின் (இனி யோ.மா.) வான் வண்டியில் ஏற்றலாம்.

கடைக்காரி பெரித். கைநகத்தில் நீலப் பெயின்ட். என் குரல் கேட்கவில்லை என்று இரண்டு முறை திருப்பிச் சொல்ல வைத்தாள். மூன்றாம் முறை சிரிக்காமல் கேட்டாள்: "மண்டபத்தில் யன்னல் உண்டா?" மேற்குப் பக்கம் நான்கு. திரைச்சீலை கிடையாது. இரவு பத்து மணிக்கும் சூரியன் நிற்கிற ஊர் இது, ஜூன் மாதம் ஐந்து மணிக்கு அங்கே நடுப்பகல்.

"அப்படியென்றால் வெள்ளை வேண்டாம். மெல்லிய சாம்பல். இருக்கிற பெயின்டில் மினுக்கம் குறைந்தது கூரைக்குப் பூசுவது, அதில் கலந்து தருகிறேன்."

ஒப்பிட்டுப் பார்க்க மூன்று சின்ன மாதிரி அட்டைகளும் பூசித் தந்தாள்: பளபள வெள்ளை, சாதா வெள்ளை, சாம்பல். வாசலில் வைத்துச் சொன்னாள்: "முடிந்ததும் பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பு. பெயின்ட் உருளையின் கோடு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். கோடையில் எங்கள் பூச்சுக்காரருக்கு ஒரு ஆள் தேவை. ஏழு மணிக்கு வரக்கூடிய ஆள்."

இதை யாருக்கும் சொல்லவில்லை.

ஜூன் 12, வியாழன்

மண்டபத்தில் அட்டைச் சோதனை, ஐந்து மணிக்கு, வெயிலோடு. யோ.மா.வும் செல்வம் அங்கிளும். செ.அ. சென்னைக்காரர், கம்ப்யூட்டர் வேலை, புரொஜெக்டர் அவருடையது.

செ.அ.: "ஏம்மா, க்ரே எதுக்கு? டல்லா அடிக்கும். பளபளன்னு ஒயிட் அடிச்சா செம ப்ரைட்டா இருக்கும்."

யோ.மா.: "சாம்பலோ? விழாவுக்கோ, செத்தவீட்டுக்கோ?"

பளபள வெள்ளையில் புரொஜெக்டரின் வெளிச்சமே நடுவில் ஒரு முட்டையாகப் பளிச்சிட்டது. மற்ற வெள்ளையில் கறுப்புத் தலைமயிர் பால் தேத்தண்ணி நிறம். சாம்பலில் மட்டும் கறுப்பு கறுப்பாக இருந்தது. விரலால் காட்டினேன். அவர்கள் என் விரலைப் பார்க்கவில்லை, ஒருவரோடு ஒருவர் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

யோ.மா.: "படிச்ச மனுசன் சொல்லுறார், கேளும் பிள்ளை."

கேட்கவில்லை. சாம்பல்தான்.

ஜூன் 13, வெள்ளி

நாங்கள் இருக்கிற ஹவுகன்ஸ்டுவா, எங்கள் கட்டடம், நிலக்கீழ் சைக்கிள் அறை. பலகை நேற்றிரவே யோ.மா.வின் வானில் வந்துவிட்டது. காலை எட்டு மணி!! அலாரம் இல்லாமல்.

புது உருளையில் ஒட்டுநாடாவைச் சுற்றி இழுத்தால் பஞ்சு வந்துவிடும் (பெரித்). அப்படி வந்த பஞ்சில் ஒரு பூனைக்குட்டி செய்யலாம்.

அடிப்பூச்சு. முதல் பூச்சு. மெல்லத் தேய்ப்பு. இரண்டாவது. தேய்ப்பு. மூன்றாவது: மேலிருந்து கீழே, ஒரே திசை, பாதி காய்ந்த இடத்துக்குத் திரும்பிப் போகக் கூடாது. மூக்கு கடித்தது, சொறியவில்லை.

ஒன்பதாம் மாடிக்காரி எட்டிப் பார்த்து: "இது சைக்கிள் அறை." தெரியும்.

மாலை டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தேன். ஒரு கோடு இல்லை. ஒன்றுகூட. கறுப்பு ஓரத்துணியும் ஒட்டியாயிற்று. வழியிலேயே ஏதாவது ஆனால் என்று இங்கேயே படம் எடுத்தேன். பெரித்துக்கு இன்னும் அனுப்பவில்லை. திரையில் படம் ஓடினால்தான் முடிந்தது.

ஜூன் 14, சனி

கோபம்.

வானில் ஏற்றிய பலகையின் பூசிய பக்கத்தின் மேல் வடைத் தட்டை வைக்கப் பார்த்தார் யோ.மா. தடுத்தேன். மண்டபத்தில் நிமிர்த்தி வைத்தோம். வயர் எடுக்கப் போனேன். ஐந்து நிமிடம்தான்.

திரும்பி வந்தால் பலகைக்கு முன்னால் கதிரையில் ஏறி நிற்கிறா அம்மா. வேலை உடுப்போடு. கையில் சாமிப்படத்தடிச் சிமிழ். மேல் விளிம்புக்குக் கீழே, சரி நடுவில், மஞ்சள் குழைத்த சந்தனம், அதன் மேல் குங்குமம்.

"புதுச் சாமான், வெறுமையா விடலாமோ?"

"அம்மாஆஆ!" என் குரல்தான். முழு மண்டபமும் திரும்பியது.

யோ.மா. ஓடி வந்து, ஈரக் கடதாசியால், ஒரே தேய். ஒரு காசளவு இருந்தது உள்ளங்கையளவு ஆனது. "இப்ப சரி பிள்ளை, தெரியாது."

தெரியாதாம்!

படம் ஒரு யானைக்குட்டியின் கதை. காட்டில் இரவு. முன்வரிசையில் ஒரு சின்னப் பெடியன்: "இரவிலையும் சூரியன் நிக்குது!" பக்கத்திலிருந்த சின்னப் பெட்டை: "யூனிதானே!" (இங்கே வளரும் பிள்ளைகளுக்கு ஜூன் என்பது யூனி.) எல்லோரும் சிரித்தார்கள். நான் கதவடியில் நின்றேன்.

ஆனால் கறுப்பு கறுப்பாக இருந்தது. வெயிலோடு. செ.அ. வந்து: "க்ரே கரெக்ட்டும்மா. நான் சொன்னது தப்பு." எனக்கு மட்டும் கேட்கிற குரலில்.

முடிவில் யோ.மா. ஒலிவாங்கியில்: "தொழில்நுட்ப ஆலோசனை தந்து இந்தத் திரையை அமைத்துத் தந்த செல்வம் அவர்களுக்கு..."

அப்போது அம்மா எழும்பினா. "அவரில்லை. என்ரை மகள் செய்தது. கோர்ஸ் ஒண்டும் செய்யேல்லை அவ. பள்ளிக்கூடம் விட்டிட்டா. இதை முடிச்சிருக்கிறா."

கைதட்டினார்கள். நான் வெளியே போய் பஸ் தரிப்பில் நின்றேன்.

அதற்காக அந்தக் குங்குமப் பொட்டை மன்னிக்க முடியாது.

ஜூன் 15, ஞாயிறு

மழை. பலகை திரும்பவும் சைக்கிள் அறையில். மிச்சப் பெயின்டைக் கறையின் மேல் இரண்டு முறை பூசினேன். இரண்டு மணித்தியாலத்தில் மஞ்சள் மேலே வந்துவிட்டது. திரும்பவும் பூசினேன். திரும்பவும் வந்தது. பூசிய இடம் வேறு ஒட்டுப்போட்ட மாதிரி.

அம்மா தேத்தண்ணி கொண்டு இறங்கி வந்தா. "எடுபடேல்லையோ?" தேத்தண்ணி குடித்தேன்.

ஜூன் 16, திங்கள்

வெள்ளியன்று எடுத்த கோடில்லாத படத்தை மட்டும் பெரித்துக்கு அனுப்பலாம் என்று நினைத்தேன். பிறகு இரண்டையும் அனுப்பினேன், மஞ்சளோடு உள்ளதையும். காரணமும் எழுதினேன்.

பெரித்தின் பதில், பதினொரு மணி: "உருளை வேலை நன்று. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு கறையோடு யாரும் வந்ததில்லை. கறை நிறுத்தும் அடிப்பூச்சு மூன்று வகை இருக்கிறது. நாளை ஏழு மணிக்கு வா, பழைய உடுப்போடு. எது நிறுத்துகிறது என்று நீயே சோதித்துப் பார். அந்தத் தூளிலும் கொஞ்சம் கொண்டு வா."

அம்மாவிடம் மஞ்சளும் குங்குமமும் கேட்டேன்.

"ஏன், இப்ப எதுக்கு?"

"வேலைக்கு."